சீனாக்கத்தியின் பிடிக்குள்ளே

மாசி அமாவாசைக்கு எங்கள் தெரு அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை. அம்மன் சப்பரம் ஏறி வேகவதி ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போவாள். பம்பைக்காரன், உடுக்கைக்காரன், காளி வேஷக்காரர்கள், வேண்டுதல்காரர்கள் எல்லாரும் கூடவே போவார்கள். இத்தனை பேருக்கும் முன்னால் ஒரு கத்தி போகும். அந்தக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்குத்தான் முதல் மாலை, முதல் விபூதி, கொள்ளை முடிந்ததும் முதல் கை சோறு. முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கத்தி என்னுடையது. தூக்கிக்கொண்டு போகிறவனும் நான்தான்.

என் பேர் வீரபாகு முதலியார். பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறி போட்டிருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இருபத்தைந்து வயதில் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தேன். சாப்பர் பட்டாளம். ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் வருஷம் எங்களைச் சீனாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அங்கே பெரிய சண்டை நடந்தது வாஸ்தவம். நான் வெட்டியதெல்லாம் மண்தான். ரோடு போட்டோம், பாலம் கட்டினோம், துரைமார்களுக்குக் கக்கூஸ் குழி தோண்டினோம்.

கத்தியைத் தியென்ட்சின் என்ற ஊரில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கினேன். ஒரு கம்பளியும் இரண்டு டப்பா புகையிலையும் கொடுத்தேன். பித்தளைப் பிடி பளபளவென்று இருந்தது, உறையும் இரும்பு உறை, நல்ல கனம். கட்டுப்படியாகும் என்று வாங்கினேன், வேறொன்றுமில்லை.

காஞ்சிபுரம் ஸ்டேஷனில் இறங்கியபோது இடுப்பில் அதைச் செருகியிருந்தேன். "சீனாக்காரனை வெட்டிப்புட்டு அவன் கத்தியைப் புடுங்கிக்கினு வந்துட்டான்பா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தெருவே மாலையோடு நிற்கும்போது அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா.

அடுத்த வருஷம் கோயிலில் இருந்த பழைய கத்தி துருப்பிடித்து முறிந்து போயிற்று. பூசாரிக்குச் சாமி வந்து, "ரத்தம் பாத்த கத்தி வேணும்டா எனக்கு" என்று ஆடினார். தெரு முழுவதும் திரும்பி என் வீட்டைப் பார்த்தது. அன்றிலிருந்து நான் முன்கத்திக்காரன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பயமும் உண்டு. அந்தக் கத்தி ரத்தம் பார்த்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது.

வீரபாகு யாரையும் நம்பமாட்டான் என்று தெருவில் பேச்சு. உண்மைதான். தாலியைக்கூடக் கல்லில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் பூவம்மாள் கழுத்தில் கட்டினேன். இன்றைக்கும் அவள் அதைச் சொல்லிக் காட்டுவாள். என் வீட்டுப் பரண்மேல் இருக்கிற சாமானையே நான் நம்ப முடியாதபோது ஊரான் சாமானை எப்படி நம்புவது.

இந்த வருஷம் எனக்குப் போட்டியாக மாணிக்கவாசகம் வந்து சேர்ந்தான். நாற்பது தறிக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிற பட்டுக் கடைக்காரன். என் பெரியப்பா வழியில் மருமகன் முறை. முறை இருப்பதால் மாமா மாமா என்று மரியாதையாகவே குழி பறிப்பான். மதராசிலிருந்து வெள்ளிப் பிடி போட்ட கத்தி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அதைத் தூக்கிக்கொண்டு அம்மனுக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நேராகக் கேட்கவில்லை. அமாவாசைக்கு எட்டு நாள் இருக்கும்போது, கோயில் வாசலில் பூசாரி முருகேசனை வைத்துக்கொண்டே ஆரம்பித்தான். முருகேசன் பழைய பூசாரியின் மகன்.

"மாமா, ஒங்க சீனாக்கத்தியோட பிடியில அஞ்சு இதழ்ப் பூ ஒன்னு இருக்குதே, பாத்திருக்கறீங்களா?"

"முப்பது வருசமா நான்தானே புடிச்சிக்கினு இருக்கறேன். பாக்காம இன்னா?"

அவன் மடியிலிருந்து ஒரு லேபிளை எடுத்தான். ஜப்பானிலிருந்து வருகிற ஆர்ட் சில்க் என்ற போலிப் பட்டு நூல் கட்டின்மேல் ஒட்டுகிற காகிதம். அதில் அதே ஐந்து இதழ்ப் பூ.

"இது யாவார மார்க்கு மாமா. ஒங்களுது சீனாக்கத்தி இல்ல, ஜப்பான் சாமான். ரப்பர் பொம்ம, குடை, டார்ச்சு லைட்டு எல்லாம் வருதே, அந்தக் கணக்கு. ரெண்டு மாசம் தாங்குனா அதிகம்."

"முப்பத்தி ரெண்டு வருசம் தாங்கியிருக்குதே."

"பரண்மேல இருந்தா பனமட்டகூடத் தாங்கும். பிடியப் பாருங்க, விரலுக்கு வளைவு வெச்சி, அச்சு அசலா பேண்டு மாஸ்டர் கத்தி. அத்த அம்மாவுக்கு முன்னாடி தூக்கிக்கினு போறது நல்லாவா இருக்குது? நூல் கம்பேனியோட ஜப்பான்காரரு செவ்வாக்கெழம நம்ம கடைக்கு வராரு. அவங்க ஊரு சாமான அவரே பாத்து சொல்லட்டுமே."

முருகேசன் தலையைச் சொறிந்தான். "கேக்கறது ஞாயமாத்தான் இருக்குது. ரத்தம் பாத்த கத்தின்னுதான் எங்கப்பா கேட்டாரு. பாக்கலன்னா அம்மா வுடமாட்டா. பாத்துடலாம் மொதலியாரே."

முடியாது என்று சொன்னால் அங்கேயே தோற்றுப்போனேன் என்று அர்த்தம். "வரட்டும்" என்றேன். வயிற்றில் புளி கரைத்தது.

வீட்டில் பூவம்மாள் நிஜமாகவே புளி கரைத்தாள். வேற்று தேசத்து மனிதர் பார்க்க வருகிறார் என்றதும் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டாள். பிடிக்குப் புளி, அலகுக்குச் செங்கல் தூள், உறைக்குச் சாம்பல். ஒரு பகல் முழுக்கத் தேய்த்தாள்.

"போதும்டி, தேஞ்சி ஊசியாயிடப் போவுது" என்றேன்.

"தாலிய ஒரசனப்போ ஒங்களுக்கு அது தோணலியே" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் வாசலில் பாய் விரித்து வைத்திருந்தார்கள். தறியை நிறுத்திவிட்டுத் தெருவே வந்திருந்தது. மாணிக்கவாசகம் தன் வெள்ளிப்பிடிக் கத்தியையும் பட்டுத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். என் கத்தி தள்ளுபடியானதும் உடனே அதை வைத்துவிட வேண்டும் அல்லவா.

ஜப்பான்காரன் குள்ளமாக, வெள்ளைக் கோட்டும் கால்சராயும் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக வந்தான். இஷிதா என்று பேர். அவன் இங்கிலீஷில் பேசுவான். அதைத் தமிழில் சொல்வதற்குக் கம்பெனி குமாஸ்தா ஸௌந்தரராஜன் கூட வந்திருந்தான். சின்னக் காஞ்சிபுரத்து ஐயங்கார்ப் பிள்ளை, பி.ஏ. படித்தவன், நாமத்துக்குக் கீழே டை கட்டியிருந்தான்.

"சாமி, மொதல்ல ஒன்னு கேளு" என்றேன் அவனிடம். "இவரு நூல் விக்கிறவரு. கத்தியப் பத்தி இவருக்கு இன்னா தெரியும்?"

ஸௌந்தரராஜன் கேட்டான். ஜப்பான்காரன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான்.

"அவரோட தாத்தா கத்திக்குச் சாணை பிடிக்கிறவராம். ஏழு வயசிலேர்ந்து இவரையும் பக்கத்தில் உக்கார வெச்சுண்டு பாக்கச் சொல்லிக் குடுத்திருக்கார்."

"சாணைக்காரன் பேரன் மரக்கூழுல நூல் இழுத்துப் பட்டுன்னு விக்கிறான். அத்தயும் கேளு, எப்டி இப்டி ஆனான்னு."

"அதை நான் கேக்கப் போறதில்லே" என்றான் ஸௌந்தரராஜன். "எனக்கு இந்த வேலை வேணும்."

கத்தியைக் கொடுத்தேன். ஜப்பான்காரன் பிடியைப் பார்த்தான். பூவைப் பார்த்தான். உறையை ஒரு தட்டுத் தட்டினான். பார்த்த முகம் பஸ் டிக்கெட்டைப் பார்க்கிற முகம்.

"அவா ராணுவத்து ஆபீசர் கத்தியாம்" என்றான் ஸௌந்தரராஜன். "வெள்ளைக்காராளைப் பாத்து அந்த மாதிரிப் பிடி பண்ணிண்டாளாம். அந்தப் பூ அவா தேசத்துப் பூ, ராணுவத்துக்கெல்லாம் அதைப் போடுவாளாம். இந்த மாதிரிக் கத்தி ஆயிரக்கணக்கில் பட்டறையில் செஞ்சிருக்கா, விசேஷமா ஒண்ணும் இல்லேங்கறார்."

"ஆயிரக்கணக்குல" என்று மாணிக்கவாசகம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பச் சொன்னான். பட்டுத்துணி முடிச்சை அவிழ்க்கவும் ஆரம்பித்துவிட்டான்.

ஜப்பான்காரன் மரியாதைக்காகக் கத்தியை உறையிலிருந்து இரண்டு விரற்கடை உருவினான். அப்படியே நின்றான். உடனே மெதுவாக உறைக்குள் தள்ளிவிட்டான். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். வெள்ளைக் கால்சராயோடு மண்டி போட்டு உட்கார்ந்தான். கத்தியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, அதற்குக் குனிந்து ஒரு கும்பிடு போட்டான். அதற்குப் பிறகு அவரை அவன் இவன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடித்து உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டார்.

"காயிதத்த இன்னாத்துக்குத் துன்றாரு?" என்றான் முருகேசன்.

"தின்னலை. மூச்சுக் காத்து இரும்பில் படக்கூடாதாம்" என்றான் ஸௌந்தரராஜன். "எங்க பெருமாள் கோயில் மடப்பள்ளியில் வாயைக் கட்டிண்டுதான் தளிகை பண்ணுவா. அந்த மாதிரின்னு வெச்சுக்கோங்கோ."

முருகேசனுக்கு அது பிடித்துப்போயிற்று. கூட்டத்தைப் பார்த்து, "வாயப் பொத்துங்கடா எல்லாரும்" என்றான். பொத்தினார்கள்.

ஜப்பான்காரர் கத்தியை முழுக்க உருவி, வெயிலுக்கு எதிரே படுத்தாற்போல் பிடித்து, ஒரு கண்ணால் பார்த்தார். அலகின் வெட்டும் ஓரத்தை ஒட்டி ஒரு வெள்ளை வரி அலை அலையாக ஓடும். முப்பத்திரண்டு வருஷமாக அதைப் பூவம்மாள் சரியாகக் கழுவாமல் விட்ட சுண்ணாம்புக் கறை என்றே நினைத்திருந்தேன். இரண்டு தடவை திட்டியும் இருக்கிறேன். அவர் காகிதத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார், அது கறையில்லையாம். வெட்டும் ஓரத்தை மட்டும் கெட்டியாக்குவதற்காகக் களிமண் பூசி, காய்ச்சி, தண்ணீரில் முக்கினால் இரும்புக்குள்ளேயே விழுகிற வரியாம். பட்டறையில் ஆயிரக்கணக்கில் செய்கிற கத்தியில் இப்படி விழாதாம்.

பிறகு அலகில் இருந்த கீறல்களைக் காட்டிக் கேட்டார்.

"இதை யார் தேய்ச்சான்னு கேக்கறார்."

தெரு பூவம்மாளைப் பார்த்தது. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தான் சாமி. வருசா வருசம் நான்தான். புளி, செங்கத் தூளு. வேற ஒரு கை பட வுடமாட்டேன்னு சொல்லு."

ஸௌந்தரராஜன் சொன்னான். ஜப்பான்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சந்தோசத்துல பேச்சு வரல" என்றாள் பூவம்மாள்.

"நுனியில் கறுப்பா இருக்கே, அது என்னன்னு கேக்கறார்."

"எலுமிச்சம்பழம் குத்தறது" என்றான் முருகேசன். "குத்தலன்னா அம்மாவுக்குக் கோவம் வந்துடும்."

ஜப்பான்காரர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு, பிடியில் ஓர் இடத்தைத் தடவிப் பார்த்து, மெல்லிய குச்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். வீட்டிலிருந்து தார்க்குச்சி கொண்டுவரச் சொன்னேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் கண்டை மாட்டுகிற குச்சி. அதைப் பிடியில் ஓர் ஓட்டையில் வைத்துக் குத்தினார். அந்தப் பக்கமாக ஒரு சின்ன மூங்கில் ஆணி வெளியே வந்தது. பிறகு கத்தியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தன் மணிக்கட்டைத் தானே முஷ்டியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். கத்தி பிடிக்குள் ஆடியது.

நான் எழுந்து அவர் கோட்டைப் பிடித்துவிட்டேன். "ஒடைக்கிறான். மாணிக்கவாசகம் சொல்லிக் குடுத்து அனுப்பிச்சிருக்கான், ஒடைக்கிறான்."

"உடைக்கலை முதலியாரே, கோட்டை விடுங்கோ. பிடி கழண்டு வரணுமாம். கத்தியோட பேர், ஊர், வயசு எல்லாம் பிடிக்குள்ளே இருக்கிற காம்பில்தான் எழுதியிருக்குமாம்."

முப்பத்திரண்டு வருஷம் நான் கெட்டியாகப் பிடித்திருந்தது ஒரு மூடி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் இரண்டு குத்து விழுந்ததும் பிடி கழன்று கையோடு வந்தது. உள்ளே இருந்த காம்பு கன்னங்கரேலென்று துருவேறிப் போயிருந்தது.

அத்தனை பேருக்கும் எதிரில் தன் வீட்டுச் சாமான் துருவோடு நிற்பதைப் பூவம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஐய, உள்ள இப்டி இருக்குதுன்னு எனக்குத் தெரியாது சாமி" என்று சொல்லிக்கொண்டே போனாள். யாரும் எதிர்பார்க்கவில்லை, ஒரு கை நிறையப் புளியோடு திரும்பி வந்தாள். "ஒரு நிமிசம் குடுக்கச் சொல்லு, பளிச்சினு ஆக்கிடறேன்."

அதுவரை குரலையே உயர்த்தாத மனிதர் தன் பாஷையில் கத்தினார். கத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஸௌந்தரராஜன் நடுவில் போய் நின்றான். புளியில் பாதி அவன் டையில் விழுந்தது.

"வேண்டாம்மா, அந்தத் துருதான் அதுக்கு வயசு. தொடவே கூடாது. அந்தக் கறுப்பைப் பாத்துத்தான் எத்தனை வருஷம்னு கண்டுபிடிக்கறதாம். நீங்க தேய்ச்சா அது நேத்துப் பிறந்ததாயிடும்."

"துருவ வெச்சிப் பெருமப்படற ஊரா?" என்றாள் பூவம்மாள். "அங்க பொம்பளைங்க இன்னா வேல செய்வாங்க?"

காம்பில் ஒரு பக்கம் உளியால் கொத்திய எழுத்து, மறுபக்கம் தங்கத்தால் பதித்த எழுத்து. தங்கம் என்றதும் மாணிக்கவாசகம் ஜரிகை உரசிப் பார்க்கிற பழக்கத்தில் மடியிலிருந்து உரைகல்லை எடுத்தான். "பித்தளையா இருக்கும். ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துடலாம்" என்றான். ஜப்பான்காரர் பார்த்த பார்வையில் கல் மடிக்குள் போய்விட்டது.

அவர் நிதானமாக வாசித்தார். ஸௌந்தரராஜன் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"கொல்லர் பேரும் ஊரும் கொத்தியிருக்கு. என் வாயில் நுழையலை. வருஷம் தங்கத்தில் போட்டிருக்கு. நம்ம கணக்குக்கு இருநூத்தி எழுபது வருஷம். எழுத்து, துரு, அரம் போட்ட தடம் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போறதாம். கத்தி நிஜம். பிடியும் உறையும்தான் நாப்பது அம்பது வருஷத்துச் சரக்கு. பரம்பரையா வீட்டில் இருந்த கத்திக்குப் பழைய சட்டையைக் கழட்டிட்டுப் பட்டாளத்துச் சட்டை போட்டுண்டு எவனோ ஆபீசர் சண்டைக்குப் போயிருக்கான்."

மாணிக்கவாசகம் விடவில்லை. "பழசுன்னா ஆச்சா? ரத்தம் பாத்துச்சான்றதுதான் கேள்வி."

ஜப்பான்காரர் தங்க எழுத்தின் கடைசி வரியை விரலால் காட்டினார். ஸௌந்தரராஜன் இரண்டு தடவை கேட்டு நிச்சயம் பண்ணிக்கொண்டான். "ஒரே வெட்டில் ரெண்டு உடம்பு. அப்படின்னு எழுதியிருக்கு."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. "ஒரே வெட்டுல ரெண்டு பேரா" என்று பம்பைக்காரன் வாயைப் பிளந்தான். முருகேசன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "பாத்துக்கோ மாணிக்கம். அம்மா தப்பா கேக்கமாட்டா."

முப்பத்திரண்டு வருஷப் பயம் அந்த ஒரு வரியில் போயிற்று. அதோடு நான் வாயை மூடிக்கொண்டு கத்தியை வாங்கி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் யார் என்ன சொன்னாலும் இரண்டாவது கேள்வி கேட்காமல் என்னால் இருக்க முடியாது. அது ஒரு வியாதி.

"சாமி, ரெண்டு பேரு சும்மாவா நின்னுக்கினு இருந்தாங்க ஒன்னா வெட்றதுக்கு? யாரு அவங்கன்னு கேளு."

ஸௌந்தரராஜன் கேட்டான். பதில் நீளமாக வந்தது. வர வர அவன் முகம் மாறியது.

"முதலியாரே, நீங்க கேட்டேள், நான் சொல்றேன். என்னைக் கோபிச்சுக்காதேங்கோ. அது சண்டையில் இல்லையாம். புதுக் கத்தி எப்படி வெட்டறதுன்னு பரீட்சை பாக்கறதுக்கு, மரண தண்டனை ஆன குற்றவாளிகளோட பிணத்தை ஒண்ணு மேலே ஒண்ணு போட்டு வெட்டிப் பாப்பாளாம். அதுக்குன்னே உத்தியோகஸ்தர் உண்டாம். பாஸானா தங்கத்தில் எழுதிக் குடுப்பா."

பாயைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

மாணிக்கவாசகத்துக்கு உயிர் வந்தது. "பொணம். செத்தவன வெட்டனதுக்கு ரத்தம் ஏது? பொணத்த அறுத்த கத்திய முப்பத்தி ரெண்டு வருசமா அம்மா மூஞ்சிக்கு முன்னாடி நீட்டிக்கினு போயிருக்கறாரு மாமா. அதான் ரெண்டு வருசமா ஆத்துல தண்ணியே வர்ல."

"ஆத்துல தண்ணி வராததுக்கு நானாடா?" என்றேன்.

எல்லாரும் முருகேசனைப் பார்த்தார்கள். அவன் மாணிக்கவாசகத்திடம் கேட்டான். "அம்மா எங்க போறா அமாவாச அன்னிக்கி?"

"சுடுகாட்டுக்கு."

"இன்னாத்துக்குப் போறா?"

மாணிக்கவாசகம் வாயைத் திறப்பதற்குள் முருகேசனே சொன்னான்.

"அங்க இருக்கற எலும்பையும் சாம்பலையும் கொள்ளையடிக்கப் போறா. ஒன் கடையில சேல எடுக்கப் போறாளா? பொணத்தப் பாத்துத் தீட்டுன்னு ஒதுங்கறவ இல்லடா எங்கம்மா. ரத்தம் பாத்த கத்தின்னு எங்கப்பா வாயில வந்துச்சே, அது மனுசன் வாயி, அவ்ளோதான் சொல்லும். அவ தேடிக்கினு இருந்தது இதுதான். அதுக்குத்தான் சீனா வரைக்கும் ஆள அனுப்பி எடுத்தாந்திருக்கறா பாரு."

கூட்டம் இப்போது வேறு மாதிரி சத்தம் போட்டது. சுடுகாட்டுக்குப் போகும் அம்மனுக்குப் பிணம் வெட்டிய கத்தி. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். மாணிக்கவாசகம் பட்டுத்துணியை மறுபடி முடிச்சுப் போட்டான்.

ஜப்பான்காரர் பிடியைத் திரும்ப மாட்டி, ஆணியைச் செருகி, கத்தியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நீட்டும்போது ஏதோ கேட்டார்.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சதுன்னு கேக்கறார். இவ்வளவு பெரிய கத்தியை எந்தக் குடும்பமும் மனசார விடமாட்டாளாம். அந்த ஆபீசர் என்ன ஆனார்னு உங்களுக்குத் தெரியுமோன்னு கேக்கறார்."

எவனோ ஒருவன் தாத்தாவுடைய கத்திக்குப் பட்டாளத்துச் சட்டை போட்டுக்கொண்டு என்னைப் போலவே கப்பல் ஏறியிருக்கிறான். அவன் திரும்பவில்லை. கத்தி இரும்புக் கடைக்கு வந்திருக்கிறது. இது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. குனிந்து கும்பிட்ட மனிதரிடம் பொய் சொல்லவும் வரவில்லை.

"பழைய இரும்புக் கடையில வாங்கனேன்னு சொல்லு. ஒரு கம்பளியும் ரெண்டு டப்பா பொகையிலயும் குடுத்தேன். ஆளு யாருன்னு தெரியாது. நான் யாரையும் வெட்டல."

ஸௌந்தரராஜன் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் தெருவுக்குத் தமிழில் புரிந்துவிட்டது. பூவம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் ஊரெல்லாம் புருஷன் வீரத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தான்.

"கம்பளிக்கா?" என்றாள்.

"நல்ல கம்பளி" என்றேன்.

"கேட்டுக்கினியா பூசாரி" என்று மாணிக்கவாசகம் எழுந்துவிட்டான். "கத்தி சரி. நான் ஒன்னும் சொல்லல. ஆனா காயலான் கடையில வாங்கிக்கினு வந்த ஆளுக்கு மொதல் மாலை எதுக்கு? வீரன்னு நெனச்சிதானே போட்டோம்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாலை போய்விட்டது என்று நினைத்தேன். தலை குனிந்து நின்றேன்.

முருகேசன் அலட்டிக்கொள்ளவில்லை. "மரியாத கத்திக்குப்பா. மொதலியாருக்கு எப்போ குடுத்தாங்க? கத்திக்குக் கழுத்து இல்ல, அதனால தூக்கறவன் கழுத்துல போடறது. அவரு சுமக்கற ஆளு, அவ்ளோதான்."

முப்பத்திரண்டு வருஷம் வாங்கிக்கொண்ட மாலையெல்லாம் என் கழுத்தில் சும்மா தொங்கவிட்டது என்று அவன் சொன்ன விதத்தில் நாலு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அப்டின்னா யாரு வேணாலும் தூக்கலாம்" என்றான் மாணிக்கவாசகம். இந்த இடத்துக்குத்தான் அவன் வந்து சேர வேண்டும் என்று காத்திருந்தான்.

"தாராளமா. நீயே தூக்கேன்." முருகேசன் என் கையிலிருந்து கத்தியை வாங்கினான். உறையிலிருந்து உருவினான். அவனிடம் நீட்டினான். "புடி. ரெண்டு பொணம் வெட்டனது. பதமா புடி."

மாணிக்கவாசகத்தின் கை பாதி தூரம் வந்தது. வெயிலில் அந்த வெள்ளை வரி மின்னியது. கை நின்றது. பிறகு அவன் மடியைச் சரி செய்துகொள்கிறவனைப் போல அதைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"இல்ல, பங்குனியில வீட்டுல கல்யாணம் வெச்சிருக்கறோம். பெரியவங்க இன்னா சொல்வாங்களோ."

"சரி. வேற யாரு?" முருகேசன் கத்தியை அப்படியே கூட்டத்தின் பக்கம் திருப்பினான். கத்தி திரும்பத் திரும்பக் கூட்டம் விலகியது. ஒருத்தன் பெண்டாட்டி ஆறு மாசம் முழுகாமல் இருக்கிறாள் என்றான். இன்னொருத்தன் புதுத் தறிக்குப் பூஜை போட்டிருக்கிறேன் என்றான். பம்பைக்காரன் எனக்கு ரெண்டு கையும் பம்பையிலதானே என்றான். கடைசியில் கத்தி ஸௌந்தரராஜன் பக்கம் வந்தபோது அவன் ஜப்பான்காரருக்குப் பின்னால் போய்விட்டான்.

"மாமாவே தூக்கட்டும்" என்றான் மாணிக்கவாசகம். "பழக்கப்பட்ட கை."

அவன் அன்றைக்கு நூல் பேச்சே பேச முடியாமல் போனது தனிக் கதை. ஜப்பான்காரர் கடையில் உட்கார்ந்துகொண்டு, என் கத்தியின் அலகில் அலை எப்படி எழுந்து எங்கே அடங்குகிறது என்று பென்சிலால் அவன் கணக்கு நோட்டிலேயே வரைந்து காட்டிக்கொண்டிருந்தாராம். இரண்டு மணி நேரம்.

அமாவாசை அன்று நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மற்ற வருஷங்களில் தெருக்காரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட வருவார்கள். நல்ல நெரிசலாக இருக்கும். இந்த வருஷம் எனக்கு முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி, பக்கத்துக்குப் பத்தடி காலி. தெருவின் இரண்டு பக்கமும் கதவுக்குப் பின்னால் நின்று கும்பிட்டார்கள். கத்தியைக் கும்பிட்டார்களா, என்னைப் பார்த்துப் பயந்தார்களா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. சீனாவில் ரெண்டு பேரை ஒரே வெட்டாக வெட்டியவர் என்று ஒரு வேஷக்காரன் தன் மகனிடம் சொல்லிக்கொண்டு போனதும் காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை. ஒரு தடவை நிஜத்தைச் சொல்லிவிட்டேன், தினம் சொல்ல முடியாது.

சுடுகாட்டு வாசலில் சப்பரம் நின்றது. முதல் மாலை எனக்குத்தான். முருகேசன் அதை ஒரு நீள மூங்கில் கழியின் நுனியில் மாட்டி, பத்தடி தூரத்திலிருந்து என் கழுத்துக்கு நேராக நீட்டினான். கழி ஆடியதால் முதல் தடவை காதில் மாட்டிக்கொண்டது.

"அசையாம நில்லு மொதலியாரே" என்றான் அவன். நான் நின்றேன்.